வறண்ட சீமையின் வரலாறு – 17: சேதுபதி என்றொரு பெயர்

காரியாபட்டிப் பக்கத்து இ-சேவை மையங்களில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் ஒரு கட்டத்துக்கு வந்ததும் திகைத்து நின்றுவிடுவது வழக்கம். "சர்நேம் என்னண்ணே போட?" என்று கேட்பான் கணினி முன் இருக்கும் பையன். "அப்படின்னா?" "குடும்பப் பேருண்ணே." "எங்க குடும்பத்துல ஆளாளுக்கு ஒரு பேருல்ல இருக்கு!" கடைசியில் அப்பா பெயரைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். துபாயில் இறங்கியதும் அங்குள்ள அலுவலகத்தில் எல்லோரும் இவரை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது தனிக்கதை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி வட்டாரம் முழுக்க இதே நிலைதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். குலசாமி பெயரை வைப்பார்கள். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தும் அப்பா பெயரில் ஓர் எழுத்தும் முன்னால் நிற்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரைச் சுமந்து வரும் ஐரோப்பிய வழக்கமோ, ஆந்திரத்து 'இண்டி பேரு' வழக்கமோ இங்கே வேர் பிடிக்கவில்லை.

ஆனாலும் இந்தச் சீமையில் நானூறு ஆண்டுகளாக ஒரு பெயர் கிட்டத்தட்டக் குடும்பப் பெயர் மாதிரியே நடந்து வந்திருக்கிறது. சேதுபதி. 'கிட்டத்தட்ட' என்று சொல்லக் காரணம் உண்டு. குடும்பப் பெயர் ரத்தத்தின் வழியே போகும். இந்தப் பெயரோ நெடுங்காலம் நாற்காலியின் வழியே போயிற்று. நாற்காலியில் அமர்ந்தவர் சேதுபதி, கூடப் பிறந்தவர் தேவர், உடன்பிறந்தாள் நாச்சியார். ஒரு வீட்டுக்குள் ஒருவருக்குத்தான் அந்தப் பெயர்.

1985 மார்ச் 15-ஆம் தேதி விருதுநகர் தனி மாவட்டம் ஆகும்வரை காரியாபட்டிக்காரர் முகவரியில் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் எழுதினார். அந்த மாவட்டமே 1910-இல் உருவானது. அதற்கு முன்பு அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதிகளின் பெரும்பாகம் ராமநாதபுரம் சமஸ்தானத்தில் இருந்தது. அரண்மனை எங்கோ கிழக்கே, கடலோரத்துக்குப் பக்கத்தில். தீர்வை மட்டும் இந்தக் கரிசலில் இருந்தும் போனது.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர், சடைக்கத் தேவர் என்னும் மறவர் தலைவரைச் சேதுபதியாக அமர்த்தினார். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களை வழிப்பறியிலிருந்து காப்பது அவர் பொறுப்பு. தலைநகரம் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையில் போகலூர்; இன்றைக்குச் சின்ன ஊர்.

திருச்சுழி இந்தப் பெயரோடு சேர்ந்த விதம் கொஞ்சம் கோரமானது. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், 1656 வாக்கில், மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்தது. வழியெல்லாம் சிக்கியவர்களின் மூக்கை அறுத்தது. நாயக்கரோ நோயில் கிடந்தார். அரண்மனையிலிருந்து ஓலை போனதும் ரகுநாத சேதுபதி மறவர் படையோடு வந்து மைசூராரை விரட்டினார். விரட்டப்பட்டவர்களின் மூக்குகளும் தப்பவில்லை. வரலாற்றில் இதற்கு மூக்கறு போர் என்றே பெயர். நன்றிக் கடனாக நாயக்கர் தம் பெயரையே கொடுத்தார்: ரகுநாத சேதுபதி திருமலை சேதுபதி ஆனார். அதோடு திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகிய ஊர்களும் வந்தன. குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் அமைதியான ஊர், யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் மூக்குகளுக்கு விலையாகச் சேதுபதி கணக்கில் ஏறியது.

பின்னர் வந்த கிழவன் சேதுபதி தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர். பெயர்தான் கிழவன், ஆளைக் கண்டு மதுரையும் தஞ்சாவூரும் அஞ்சின. ராணி மங்கம்மாளின் படையைத் தோற்கடித்து மதுரையின் மேலாண்மையை உதறியவர். தம் உறவுப் பெண்ணைக் கைவிட்டு ஒரு தலைவர் கிறித்தவம் தழுவியதில் மூண்ட கோபத்தில், போர்த்துகீசியத் துறவி ஜான் தி பிரிட்டோவுக்கு மரண தண்டனை விதித்தவரும் அவரே. 1693 பிப்ரவரியில் ஓரியூரில் அது நிறைவேறியது. 1947-இல் ரோம் பிரிட்டோவைப் புனிதராக அறிவித்தது. கிழவன் பெயர் உலகத் திருச்சபை வரலாற்றில் இடம்பிடித்தது இப்படித்தான். ராமநாதபுரத்தார் அவரை நினைப்பது வேறு காரணங்களுக்காக.

கிழவன் 1710-இல் மறைந்தார். அவர் காலத்திலேயே புதுக்கோட்டை, அவருடைய மைத்துனர் ரகுநாதராயத் தொண்டைமான் கைக்குப் போயிருந்தது. 1730 வாக்கில் சிவகங்கையும் சசிவர்ணத் தேவரின் கீழ் பிரிந்தது. ஒரே முற்றத்தில் இருந்து மூன்று பட்டங்கள் புறப்பட்டன: சேதுபதி, தொண்டைமான், உடையத் தேவர். சிவகங்கையின் வேலு நாச்சியார் பிறந்த வீடு ராமநாதபுரம். செல்லமுத்து சேதுபதியின் மகள். ஆனால் அவர் பெயரில் சேதுபதி இல்லை, இருக்கவும் முடியாது.

கடைசியாக முடி தரித்து ஆண்ட சேதுபதி என்று முத்துராமலிங்க விஜய ரகுநாத சேதுபதியைச் சொல்ல வேண்டும். குழந்தையாக 1762-இல் பட்டத்துக்கு வந்தார். 1772-இல் ஆற்காட்டு நவாபும் கும்பினிப் படையும் கோட்டையைப் பிடித்து, தாயோடு அவரைத் திருச்சிக் கோட்டையில் அடைத்தன. 1781-இல் விடுதலை. 1795-இல் கும்பினி மீண்டும் பிடித்தது. இந்த முறை திரும்பவில்லை. சென்னைக் கோட்டைச் சிறையில் 1809-இல் இறந்தார். வாழ்நாளில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் சிறையில்.

சிறைகளுக்கு நடுவே கிடைத்த பதினான்கு ஆண்டுகளில் நடந்த ஒரு காரியத்தைக் குண்டாற்று விவசாயிகள் இன்னும் பேசுகிறார்கள். மேற்கு மலையில் பெய்து கேரளக் கடலுக்குப் போகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்து வர, சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பன்னிரண்டு பேரை அனுப்பினார். முடியும், ஆனால் பெருஞ்செலவு ஆகும் என்று அவர்கள் வந்து சொன்னார்கள். பணம் இல்லை; பிறகு அரசும் இல்லை. நூறாண்டு கழித்துப் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டபோது தண்ணீர் மேலூர் வயல்களுக்கு ஓடியது. காரியாபட்டி, திருச்சுழிக் கண்மாய்கள் அன்று போலவே இன்றும் வானத்தைத்தான் பார்க்கின்றன. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். முத்திருளப்ப பிள்ளை காலத்திலிருந்து கணக்கிட்டால் அவசரம் ஒன்றும் தெரியவில்லை.

முத்துராமலிங்கரைச் சிறையில் வைத்துவிட்டு, 1803-இல் கும்பினி அந்தச் சீமையை ஜமீனாக்கி அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாரிடம் கொடுத்தது. அரசர் போய் ஜமீன்தாரிணி. அதற்கடுத்த அறுபது, எழுபது ஆண்டுகள் பெரும்பாலும் பெண்கள் கையில், அல்லது பெண்கள் எடுத்த தத்துப் பிள்ளைகள் கையில், அல்லது வக்கீல்கள் கையில்.

இந்தக் காலத்தில்தான் சேதுபதி என்ற பெயர் லண்டன் வரை போனது.

ஜமீன்தார் ராமசாமி சேதுபதி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவர் மனைவி ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-இல் ஒரு பையனைத் தத்து எடுத்து முத்துராமலிங்கம் என்று பெயரிட்டார். தத்து எடுக்கும்படி கணவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. மாமியாரும் பங்காளிகளும் சம்மதித்திருந்தார்கள், அவ்வளவுதான். கணவன் அனுமதி இல்லாமல் விதவை எடுத்த தத்து செல்லாது என்று மதுரைக் கலெக்டர் தரப்பு மறுத்தது. தத்து செல்லாவிட்டால் ராணிக்குப் பின் ஜமீன் சர்க்காருக்கு. எவ்வளவு பெரிய பழம்!

வழக்கு மதுரையில் தொடங்கி, சென்னை ஏறி, இங்கிலாந்தின் பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1868-இல் முடிந்தது. காசி, வங்கம், தெற்கு என்று ஊருக்கொரு சாத்திர உரை இருப்பதை லண்டன் நீதிபதிகள் பொறுமையாகப் படித்தார்கள். திராவிட தேசத்து வழக்கப்படி, பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்து எடுக்கலாம் என்று முடிவு சொன்னார்கள். அதைவிட முக்கியம் அவர்கள் சொன்ன காரணம்: இந்துச் சட்டத்தில் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், ஏட்டில் எழுதிய விதியைவிட வலுவானது. இந்தியாவில் சட்டம் படிக்கும் எந்தப் பிள்ளையும் இந்த ஒரு வரியைத் தாண்டாமல் தேர்வு எழுத முடியாது. 'மதுரைக் கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி' என்ற வழக்கின் பெயரை ராமநாதபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத டெல்லி மாணவரும் மனப்பாடமாகச் சொல்வார்.

தீர்ப்பால் பெயர் ஒருவருக்கு உறுதியானது. கூடப் பிறந்தவருக்கோ அது கிடைக்கவே இல்லை. தத்துப் போன முத்துராமலிங்கர் சேதுபதி. அவருடைய அண்ணன் பொன்னுசாமித் தேவர் கடைசிவரை தேவர். ஜமீனை நிர்வகித்தது அண்ணன், புலவர்களை வாழவைத்தது அண்ணன். ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையோடு திருக்குறளை 1861-இல் பதிப்பித்தது இந்தப் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில்தான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் பெயரில் நானூறு ஆண்டு வரலாறு. மற்றவர் பெயரில் அவர் சம்பாதித்த புகழ் மட்டும்.

பொன்னுசாமித் தேவரின் மகன்தான் பாண்டித்துரைத் தேவர். பிறப்பு 1867. அவருக்குரிய ஜமீன் பாலவநத்தம், அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் இருக்கிறது. பேருந்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கருவேலங்காட்டையும் கண்மாய்க் கரையையும் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். தமிழ் படித்தவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டிய ஊர்.

திருக்குறளின் எதுகை மோனையைத் 'திருத்தி' ஒரு வெள்ளைக்காரர் அச்சிட்ட பிரதிகளை எல்லாம் காசு கொடுத்து வாங்கிப் பாண்டித்துரையார் எரித்துவிட்டார் என்றொரு கதையைத் தமிழாசிரியர்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். கதை இருக்கட்டும், அவர் செய்த காரியம் அதைவிடப் பெரிது. 1901 செப்டம்பர் 14-ஆம் தேதி மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'செந்தமிழ்' இதழ் வெளிவந்தது, ரா. இராகவையங்கார் ஆசிரியர். 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதன் தலைவராக அமர்ந்தவரும் பாலவநத்தம் ஜமீன்தாரே. கரிசல் காட்டு ஜமீன்தார் கடலில் கப்பல் விட்டார் என்றால் வெள்ளைக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்! 1911-இல், நாற்பத்து நான்கே வயதில் இறந்தார்.

சங்கம் பிறந்த அதே சேதுபதி பள்ளியில்தான் 1904 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை எட்டயபுரத்து இளைஞர் ஒருவர் தற்காலிகத் தமிழாசிரியராக வேலை பார்த்தார். சுப்பிரமணிய பாரதி. அவர் வாழ்க்கையில் ஆசிரியர் வேலை என்று இருந்தது அந்த மூன்று மாதச் சொச்சம்தான்.

சங்கத்துக்குப் பின்னால் பண பலமாக நின்றவர் பாண்டித்துரையாரின் சிற்றப்பா மகன், பாஸ்கர சேதுபதி. 1868 நவம்பரில், லண்டன் தீர்ப்பு வந்த அதே ஆண்டில் பிறந்தவர். ஐந்து வயதில் தகப்பனை இழந்து, சர்க்கார் மேற்பார்வையில் சென்னையில் ஆங்கிலக் கல்வி கற்று, 1889-இல் பட்டத்துக்கு வந்தார். 1892-இல் மதுரையில் ஒரு வங்காளத் துறவியைச் சந்தித்தார். சிகாகோ சர்வசமய மாநாட்டுக்குப் போகும்படி விவேகானந்தரைத் தூண்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1897 ஜனவரி 26-ஆம் தேதி விவேகானந்தர் இலங்கை வழியாகப் பாம்பனில் வந்து இறங்கியபோது, ராஜாவே முன்னின்று வரவேற்றார். சுவாமியின் வண்டியை ராஜாவும் சேர்ந்து இழுத்தார். கொடை கொடுத்துக் கொடுத்தே கடனில் மூழ்கி, 1903-இல் முப்பத்தைந்து வயதில் முடிந்தது அந்த வாழ்க்கை.

இந்தப் பக்கத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தை மடித்து வைப்பது வரலாறு ஆகாது. விவேகானந்தர் வந்திறங்கிய அதே 1897-இல், மே மாதம், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் பாஸ்கர சேதுபதி. அவர் பெயரால் வழக்குத் தொடரப்பட்டது. மதுரைச் சார்பு நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லின. வழக்கு மறுபடியும் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. பாஸ்கரர் அதற்குள் இறந்துவிட, அவர் மகன் ராஜராஜேசுவர சேதுபதியின் பெயரில் 1908-இல் இறுதித் தீர்ப்பு: நுழைய உரிமை இல்லை. நாற்பது ஆண்டுக்கு முன் விதவைக்கும் தத்துப் பிள்ளைக்கும் கைகொடுத்த 'வழக்கம்' என்ற அதே வாதம், இந்த முறை கோயில் கதவை அடைக்கப் பயன்பட்டது. அருப்புக்கோட்டையிலும் பாளையம்பட்டியிலும் கடை, பேட்டை, பள்ளிக்கூடம் என்று சொந்தக் காலில் எழுந்து கொண்டிருந்த நாடார் சமூகத்துக்கு இது ஆறாத காயம். சேதுபதி என்ற பெயரை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் உச்சரித்த தொனியும், சங்கத்துப் புலவர்கள் உச்சரித்த தொனியும் ஒன்றாக இருந்திருக்காது. கோயில் கதவு சட்டப்படி திறக்க 1939 ஆக வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வேறொரு கதவும் ஆட்டம் கண்டது. 1937 தேர்தலில் ராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேசுவர சேதுபதியை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய ஆள், கமுதிக்குப் பக்கத்துப் பசும்பொன் கிராமத்து இளைஞர், வயது இருபத்தெட்டு. பெயர் முத்துராமலிங்கத் தேவர். லண்டன் வரை வழக்காடி நிலைபெற்ற முத்துராமலிங்கம் என்ற பெயர் தேவரிடம் இருந்தது. சேதுபதி என்ற பட்டம் ராஜாவிடம் இருந்தது. பெயர் ஜெயித்தது, பட்டம் தோற்றது.

ஆனால் ராஜா சளைக்கவில்லை. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து சமஸ்தானத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, 1952, 1957, 1962 என்று மூன்று தேர்தல்களில் ராமநாதபுரம் தொகுதியில் வென்றார். ராஜாஜி அமைச்சரவையிலும் காமராஜ் அமைச்சரவையிலும் இருந்தார். தாத்தாவின் பெயரால் நடந்த கமுதி வழக்கையும், பேரன் விருதுநகர் நாடார் வீட்டுப் பிள்ளையின் தலைமையில் அமைச்சராக இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இடைவெளி ஐம்பது ஆண்டுதான். அவர் 1967-இல் காலமானார். அந்த மரபில் வந்து, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவராகவும் இருந்த குமரன் சேதுபதி 2022-இல் மறைந்தார்.

நாற்காலி போன பிறகு அதன் பெயர் என்ன ஆகும்? இங்கே ஒன்றும் ஆகவில்லை, தெருவுக்கு வந்துவிட்டது. அரண்மனையில் ஒருவருக்கு மட்டும் என்றிருந்த பெயரை, நரிக்குடிப் பக்கமும் கமுதிப் பக்கமும் பிள்ளைகளுக்குப் பிறந்த பெயராகவே வைத்தார்கள். அப்படிப் பெயர் வாங்கியவர்களில் இலக்கியத்தில் கிருங்கை சேதுபதி இருக்கிறார். 'சிறகு முளைத்த யானை' என்ற சிறுவர் கவிதை நூலுக்காக 2018-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவர். முன்னால் நிற்கும் கிருங்கை, ஊர்ப்பெயர். பின்னால் நிற்பது குடும்பப் பெயர் அல்ல, அவர் பெயரேதான்.

இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த சேதுபதி ராஜபாளையத்தில் பிறந்தவர். விஜய குருநாத சேதுபதி என்ற முழுப் பெயரில் பழைய செப்பேட்டு வாசம் அடிக்கிறது; விஜய ரகுநாத சேதுபதி என்று அடுத்தடுத்து வந்த மன்னர்களை நினைவுபடுத்தும் பெயர். அப்பா பெயர் காளிமுத்து. பள்ளி வயதில் சென்னைக்குப் போய், படித்து, துபாயில் கணக்காளராக வேலை பார்த்துத் திரும்பி, கூத்துப்பட்டறையிலும் கணக்கு எழுதி, 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் 2010-இல் கதாநாயகன் ஆனார். சீமைக்கு அப்பால் உள்ளவர்கள் விஜய் என்பதை முதல் பெயராகவும் சேதுபதி என்பதைக் குடும்பப் பெயராகவும் எடுத்துக்கொண்டார்கள். மும்பைப் பத்திரிகைகள் இரண்டாவது தடவை குறிப்பிடும்போது 'சேதுபதி' என்று மட்டும் எழுதுகின்றன. 2016-இல் மதுரைக் காவல் ஆய்வாளராக அவர் நடித்த படத்தின் பெயரே 'சேதுபதி'. 'சூப்பர் டீலக்ஸ்' படத்துக்குத் தேசிய விருது வந்தபோது அறிவிப்பிலும் அதே பெயர்.

அடுத்த படிதான் வேடிக்கை. 2025-இல் 'பீனிக்ஸ்' படத்தில் நாயகனாக அறிமுகமான அவர் மகனின் திரைப்பெயர் சூர்யா சேதுபதி. காரியாபட்டி வழக்கப்படி என்றால் வி. சூர்யா என்று போயிருக்கும். காளிமுத்துவின் மகனுக்கு வைத்த பெயரின் கடைசித் துண்டு, பேரன் காலத்தில் அசல் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. பிரிவி கவுன்சில் வரை போகாமல், ஒரு சினிமா விளம்பரத்தில்.

(அடுத்த இதழில்: நரிக்குடி முக்குளத்தில் பிறந்த மருது சகோதரர்களும், சேர்வை என்ற பட்டம் பாண்டியர் என்று மாறிய கதையும்)